ஒரே கிணற்றில் மூன்று ஆராய்ச்சி

அனுப்புநர்:
அமலதாஸ் பிரேமினி,
கடற்கரை ஒழுங்கை,
நெடுந்தீவு மேற்கு.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
நெடுந்தீவு.

விடயம்: எங்கள் வளவுக் கிணற்றில் நாட்டப்பட்டிருக்கும் “குடிப்பதற்கு உகந்ததல்ல” என்ற பலகையை மறுபரிசோதனை செய்து அகற்றுதலும், பொறியியல் ஆராய்ச்சி மாணவர் மூவரையும் ஒன்றாக வந்து அளக்க அனுமதித்தலும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. எனக்குப் பதினேழு வயது. கடற்றொழிலாளி அமலதாஸ், மாக்கிறேற் ஆகியோரின் மகள். தரம் பத்துடன் பாடசாலையை விட்டுவிட்டேன். அம்மாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தபோது யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் துணைக்கு நின்றேன். திரும்பி வந்தபோது வகுப்பு எனக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டிருந்தது. அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. எங்காவது முறை தவறியிருந்தால் அதைப் பொறுத்து, விடயத்தை மட்டும் பார்க்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இதில் வருகிற மனிதர் எவர் மீதும் எனக்குக் குறை இல்லை. எல்லோரும் நல்லவர்கள். என் புகார் ஒரு பலகையின் மீது.

2. அந்தக் கிணறு எங்கள் வளவில் இருந்தாலும் ஒழுங்கைச் சனம் முழுவதும் அள்ளுகிற நல்ல தண்ணீர்க் கிணறு. வெளி வாசலைச் சுற்றி வராமல் நேரே கிணற்றடிக்கு வருவதற்காகக் கல்மதிலில் ஒரு கடப்பு விட்டிருக்கிறோம். காலையிலும் மாலையிலும் அந்தக் கடப்பால் ஆட்கள் வந்தபடியே இருப்பார்கள். நான் வெளியில் அதிகம் போவதில்லை. கோயில் பூசைக்குப் போனாலும் கடைசி வாங்கில் இருந்துவிட்டு முதல் ஆளாக வந்துவிடுவேன். ஆனாலும் ஊரில் எனக்குத் தெரியாத சங்கதி கிடையாது. யார் வீட்டுக்குப் பிரான்சிலிருந்து ஆள் வருகிறது, எந்தப் படகுக்குக் கணவாய் பட்டது, யார் யாரோடு கதைக்காமல் திரிகிறார்கள் என்பதெல்லாம் வாளியோடு கிணற்றடிக்கு வந்துவிடும். பக்கத்து வளவு ஜெயந்தா அக்கா ஒரு குடம் நிரப்ப எடுக்கிற நேரத்தில் நான் எங்கள் வீட்டு உடுப்பு முழுவதையும் தோய்த்து முடித்துவிடுவேன். அவ்வளவு கதை. நான் கதைப்பது குறைவு. கேட்பதில் குறை வைப்பதில்லை.

3. இந்த வருடம் தை மாதம் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலிருந்து செல்வி சயந்தினி என்ற பட்டப்பின்படிப்பு மாணவி வந்தார். புளியங்கூடலைச் சொந்த இடமாகக் கொண்டவர். குடிசார் பொறியியல் துறை. தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று தானாகவே நாள் முழுவதும் அளந்து, தனக்குள் சேமித்து வைக்கும் ஒரு சிறிய கருவியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுப் போனார். அது ஒரு தேங்காய் எண்ணெய்ப் போத்தல் அளவுதான் இருக்கும். தீவின் கிணறுகள் வருடத்தில் எப்போது உவராகின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. அவருடைய மேற்பார்வையாளர் கொடுத்த கடிதத்தை அப்பாவிடம் காட்டினார். அப்பா கடிதத்தைப் பார்த்து, ஆளைப் பார்த்து, ஓம் என்றார்.

4. பங்குனியில் திரு. அனோஜன் வந்தார். அதே பீடம், இயந்திரப் பொறியியல் துறை. ஒரு சிறிய தண்ணீர் மோட்டரைக் கிணற்றுக்கட்டின் அருகே பூட்டினார். மோட்டருக்குள்ளே சுழலுகிற தகடுகளில் தானே செய்த ஒரு பூச்சைப் பூசியிருந்தார். தீவுத் தண்ணீரில் அந்தப் பூச்சு எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்று பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. கிழமையில் ஒருநாள் பற்றரியில் கொஞ்ச நேரம் ஓட விட்டால் போதும் என்று சொல்லி, ஓடுகிற தண்ணீர் வீணாகாமல் மாட்டுத் தொட்டிக்குப் போகக் குழாயும் போட்டுத் தந்தார். அவரும் கடிதம் வைத்திருந்தார். அதற்கும் அப்பா ஓம் என்றார்.

5. சித்திரையில் திரு. சுலக்சன் வந்தார். அவரும் அதே பீடம், மின் பொறியியல் துறை. கடற்காற்றிலுள்ள உப்பு சூரிய மின்தகடுகளில் படிந்தால் மின்சாரம் எவ்வளவு குறையும் என்று அளப்பது அவருடைய வேலை. கிணற்றடியில் மரநிழல் விழாத இடமாகப் பார்த்து இரண்டு தகடுகளை நிறுத்தினார். தகட்டிலிருந்து வருகிற மின்சாரத்தைச் செலவழிக்க ஏதாவது ஒன்று ஓட வேண்டும், இல்லாவிட்டால் அளக்க ஏலாது என்றார். பக்கத்தில் மோட்டர் இருந்தது. இதில் கொழுவலாமா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: “ஓம் தம்பி, கொழுவும். உங்கடை சாமான்தானே.”

6. ஐயா அவர்கள் இந்த இடத்தில் அப்பாவைப் பற்றித் தவறாக நினைக்கக் கூடாது. மூவரும் ஒரே மாதிரி நீல நிற ரீசேட்டில், ஒரே பீடத்தின் சின்னத்துடன் வந்தார்கள். கரையில் ஒரே வாடியில் தங்கித் தொழில் செய்கிறவர்களுக்கு, யார் எந்தப் பக்கம் வலை விட்டிருக்கிறார் என்பது வாயால் சொல்லாமலே தெரியும். தெரியாவிட்டால் ஒருவர் வலை மேல் மற்றவர் வலை விழுந்து, இரண்டு பேருக்கும் சிக்கெடுக்கவே நாள் போய்விடும். அப்படியே வாழ்ந்தவர்கள் நாங்கள். ஒரே சட்டை போட்டவர்களை ஒரே வாடி ஆட்கள் என்று நினைத்தோம். ஒருவர் வைத்தது மற்றவருக்குத் தெரியாது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. மூவரும் வெவ்வேறு நாட்களில் வந்து போனார்கள். மூவருக்கும் நான்தான் தேநீர் கொடுத்தேன். மூவரும் நல்ல தேநீர் என்று சொன்னார்கள். வேறு பேச்சு நடக்கவில்லை.

7. அதன்பிறகு நடந்தது இது. வெயில் ஏறினால் மோட்டர் தானாக ஓடும். வெயில் இறங்கினால் நிற்கும். சித்திரை, வைகாசி வெயில் எப்படி என்று தாங்கள் அறிவீர்கள். மத்தியானம் முழுவதும் தண்ணீர் கொட்டியது. மாட்டுத் தொட்டி நிரம்பி வழிந்தது. எங்கெங்கோ மேய்ந்த மாடுகள் எல்லாம் மதிலுக்கு வெளியே வரிசை கட்டி நின்றன. இவ்வளவு படித்த பிள்ளைகள் மாட்டுக்கும் ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தா. தண்ணீரில் மெல்லிய உவர்ச்சுவை தெரிந்தபோது, இந்த வருடம் கோடை கடுமை என்று கிணற்றடியில் கதைத்தார்கள். அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது.

8. சயந்தினி அக்காவின் கருவி மத்தியான நேரத்தில் உப்பு ஏறுகிறது என்று பதிந்தது. அது பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே ஏறியது. அவர் பதிவை எடுக்க வந்த காலைகளில் மோட்டர் ஓடவில்லை, அதை எங்கள் வீட்டு மோட்டர் என்றே நினைத்திருந்தார். தினமும் ஏறி இறங்குகிறது என்றால் கடலின் வற்றுப்பெருக்கோடு தொடர்பு இருக்க வேண்டும் என்று எண்ணி, அவர் தன் இடைக்கால அறிக்கையில் அப்படியே எழுதினார். குடிக்கிற தண்ணீர் என்பதால் மறைக்காமல், உரிய அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினார். அந்த அலுவலகமும் தன் கடமையைச் செய்தது. ஆனி மாத முடிவில் அலுவலர் இருவர் வந்து, கிணற்றுக்கு மரமூடி போட்டுப் பூட்டி, மும்மொழியிலும் எழுதிய பலகையை நாட்டினார்கள். கிணற்றில் எதுவும் இயக்கக் கூடாது, யாரும் அள்ளக் கூடாது, வைத்திருக்கும் கருவிகளை உரியவர்கள் வந்து எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். மோட்டரின் வயர் அன்றைக்கே மின்தகட்டுப் பக்கத்தில் கழற்றப்பட்டது. உப்புக் கருவி மட்டும் மூடிக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. அது நல்லதாய்ப் போயிற்று. ஏன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

9. மாணவர் மூவரும் தங்கள் பொருட்களை எடுக்க வந்தது ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அன்றுதான் மூவரும் முதன்முறையாக ஒன்றாகக் கிணற்றடியில் நின்றார்கள். குறிகட்டுவானிலிருந்து ஒரே படகில் வந்து, இறங்குதுறையிலிருந்து ஒரே ஓட்டோவிலும் வந்திருந்தார்கள். ஆளை ஆள் முகத்தால் தெரியுமாம், பீடத்துக் கன்ரீனில் கண்டிருக்கிறார்களாம். எங்கே போகிறீர் என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. ஆராய்ச்சிக்கு என்று மட்டும் சொல்லிக்கொண்டார்களாம். மூன்று பேரும் எங்கள் வாசலில் இறங்கினபோது ஓட்டோக்காரர் சிரித்தார் என்று சுலக்சன் அண்ணை பிறகு சொன்னார்.

10. அலுவலர் தந்துவிட்டுப் போயிருந்த பூட்டுத் திறப்பால் அப்பா மூடியைத் திறந்தார். சயந்தினி அக்கா கயிற்றை இழுத்தார். கயிறு ஒரு குழாயில் சிக்கியது. இது யாருடைய குழாய் என்று கேட்டார். என்னுடையது என்றார் அனோஜன் அண்ணை. அவர் மோட்டரைத் தூக்கப் போனார். அதிலிருந்து ஒரு வயர் போனது. இது யாருடைய வயர் என்று கேட்டார். என்னுடையது என்றார் சுலக்சன் அண்ணை. மூவரும் அந்த வயரை மின்தகடு வரைக்கும் கண்ணால் பின்தொடர்ந்தார்கள். எப்போதிருந்து ஓடியது என்று சயந்தினி அக்கா மெதுவாகக் கேட்டார். சித்திரையிலிருந்து, வெயில் உள்ள நேரமெல்லாம் என்றார் சுலக்சன் அண்ணை. சயந்தினி அக்கா கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார்.

“அப்ப என்ரை கிணத்திலை உப்பு ஏத்தினது கடல் இல்லை. நீங்கள் ரெண்டு பேரும்தான்.”

“ரெண்டு பேரிலை என்னைச் சேர்க்காதையும்” என்றார் சுலக்சன் அண்ணை. “நான் வெயிலை மட்டும்தான் குடுத்தனான்.”

11. சயந்தினி அக்கா அழப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். ஏனென்றால் கதை அத்துடன் முடியவில்லை. அனோஜன் அண்ணையின் பூச்சு ஒரு வருடத்தில் தேய வேண்டிய அளவு இரண்டு மாதத்தில் தேய்ந்திருந்தது. அப்பா மோட்டரைத் திறந்து தொலைபேசியில் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்து, நெடுந்தீவுத் தண்ணீர் இரும்பைத் தின்கிறது என்று அவர் தன் பேராசிரியருக்கு எழுதியிருந்தார். மோட்டர் நாள்தோறும் ஓடியது அவருக்குத் தெரியாது. சுலக்சன் அண்ணையின் தகடுகளில் உப்பே படியவில்லை. கடற்காற்றால் தகடுகளுக்குப் பாதிப்பு இல்லை என்று அவர் எழுதியிருந்தார். அனோஜன் அண்ணை போட்ட குழாயில் ஒரு வெடிப்பு இருந்ததும், காற்றடிக்கும்போது அதிலிருந்து தண்ணீர் பறந்து தகடுகளைத் தினமும் கழுவிக்கொண்டிருந்ததும் அவருக்குத் தெரியாது. ஒருவர் ஆராய்ச்சியை மற்றவர் ஆராய்ச்சி கெடுத்திருந்தது. கெடாமல் இருந்தது மாட்டுத் தொட்டி மட்டும்தான். அதில் யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை.

12. அன்று பின்னேரம் கச்சான் காற்று பலமாக இருந்ததால் படகு விடவில்லை. மூவரும் எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். புட்டும் கணவாய்க் கறியும் சாப்பிட்டபடியே, விறாந்தை மேசையில் கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் வெயில் ஏறி இறங்கிய கோடு. மற்றதில் உப்பு ஏறி இறங்கிய கோடு. மழை இருட்டாக இருந்த நாட்களில் இரண்டும் படுத்துக் கிடந்தன. வெயில் நாட்களில் இரண்டும் எழும்பின. என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். படிக்காத எனக்கும் பார்த்த உடனே விளங்கியது. எங்கள் தீவில் நல்ல தண்ணீர், உவர்த்தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறதாம். வாளியால் அள்ளினால் மேலே இருப்பது வரும். மோட்டரால் விடாமல் இழுத்தால் அடியில் கிடக்கும் உவர் மேலே ஏறும். விட்டுவிட்டால் மெல்ல மெல்லத் திரும்ப இறங்கும். சயந்தினி அக்கா இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தினார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டா.

“ஒரே கன்ரீனிலை சாப்பிடுற பிள்ளையள், ஒருநாள் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டு ஒரு கதை கதைக்கேலாதோ?”

மூவரும் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் புட்டுப் போட்டுக்கொண்டார்கள். துறைகள் மூன்றும் தனித்தனிக் கட்டடம் என்று அனோஜன் அண்ணை சொல்லிப் பார்த்தார். அம்மா அதை ஒரு காரணமாக எடுக்கவில்லை.

13. இப்போது முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். பலகை நாட்டப்பட்ட நாளிலிருந்து மோட்டர் ஓடவில்லை. ஆனால் உப்புக் கருவி ஆவணி வரை கிணற்றுக்குள் இருந்து அளந்துகொண்டே இருந்தது. அதை எடுத்துப் பார்த்தபோது, உப்பு கிழமைக்குக் கிழமை குறைந்து, தை மாதத்தில் இருந்த அளவுக்கே வந்திருந்தது. அதாவது எங்கள் கிணறு குணமாகிவிட்டது. குணமானவரை இன்னும் ஆஸ்பத்திரி வாட்டில் வைத்திருக்கிறோம்.

14. இதைச் சயந்தினி அக்கா திரும்பிப் போன உடனே தன் மேற்பார்வையாளரிடம் சொன்னார். உப்பு குறைந்ததை எழுதலாம், ஆனால் காரணம் மோட்டர் என்று எழுதுவதானால் அது இயந்திரத் துறை சொல்ல வேண்டியது என்று அவர் சொன்னாராம். அனோஜன் அண்ணையின் மேற்பார்வையாளர், மோட்டர் ஓடியது சரி, உப்பைப் பற்றித் தன் துறை கையெழுத்து வைக்க ஏலாது என்றாராம். சுலக்சன் அண்ணையின் மேற்பார்வையாளர், இதில் கிணறு எங்கே வருகிறது என்று கேட்டாராம். மூவரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பலகை நாட்டிய அலுவலகத்துக்கு மாணவர்கள் தாங்களாகவே எழுதினார்கள். புதிய அறிக்கை வந்தால் பலகையை எடுப்போம் என்று பதில் வந்தது. புதிய அறிக்கைக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்க வேண்டும். பலகை இருக்கும்வரை தண்ணீர் எடுக்கக் கூடாது. இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்னேரம் முழுவதும் போய்விட்டது. அப்படியும் அவ நான் ஏதோ பிழையாக வாசித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறா.

15. போன ஞாயிற்றுக்கிழமை சயந்தினி அக்கா தொலைபேசியில் கதைத்தபோது, தங்களால் மூன்று துறைக்கும் மூன்று கடிதம்தான் எழுத முடிகிறது, ஒரே கடிதமாக எழுத யாருக்கும் அதிகாரம் இல்லை என்று சலித்துக்கொண்டார். தொலைபேசியை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் எந்தத் துறையையும் சேர்ந்தவள் அல்ல. மோட்டரையும் உப்பையும் வெயிலையும் ஒரே தாளில் எழுத எனக்கு ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. அதனால்தான் இம்மனுவை நான் எழுதுகிறேன்.

16. குடிதண்ணீருக்கு எங்களுக்குத் தட்டுப்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சந்திக்குத் தண்ணீர் கொண்டு பவுசர் லொறி வருகிறது. தண்ணீர் நல்ல தண்ணீர். பவுசர்க்காரரும் நல்லவர். அவர் ஹோர்ண் அடிக்கிற விதத்துக்குச் சின்னப் பிள்ளைகள் ஆடுவார்கள். அப்பா சைக்கிளில் தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு போய் எங்களுக்கும் பிடித்து வருகிறார். பிறகு என்ன குறை என்று ஐயா அவர்கள் கேட்கலாம். கேட்டால் சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறது. எழுதுவதற்கு அவ்வளவு கூச்சம் இல்லை.

கடப்பால் இப்போது ஒருவரும் வருவதில்லை. ஆடுமாடுகள் மட்டும் வருகின்றன. எல்லோரும் சந்தியில் நின்று கதைக்கிறார்கள். அம்மாவின் முழங்காலால் அவ்வளவு தூரம் நடக்க ஏலாது. எனக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது. ஆனால் வரிசையில் நடுவில் நிற்க வராது. பின்னேரங்களில் அங்கே எல்லோரும் சிரிக்கிற சத்தம் காற்றில் எங்கள் முற்றம் வரைக்கும் வருகிறது. எதற்குச் சிரித்தார்கள் என்பது வருவதில்லை. போன மாதம் பக்கத்து வளவு ஜெயந்தா அக்காவின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமானது. மதிலுக்கு அந்தப் பக்கம் நடந்த இந்தச் சங்கதியை, பிரான்சில் இருக்கும் என் சின்னம்மா தொலைபேசியில் சொல்லித்தான் நான் அறிந்தேன். அம்மா கொஞ்ச நேரம் தொலைபேசியையே பார்த்துக்கொண்டு இருந்தா. நானும் பார்த்தேன். முன்பென்றால் மாப்பிள்ளை எந்த ஊர், என்ன தொழில், மூக்கு எப்படி என்பது வரைக்கும் அன்றைக்கே எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தண்ணீர் பவுசரில் வருகிறது. மற்றது வருவதில்லை. என் புகார் இதுதான்.

17. ஆகவே ஐயா அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வன:

(அ) ஒரு நாளைக் குறித்து, சயந்தினி, அனோஜன், சுலக்சன் ஆகிய மூவரையும், பலகை நாட்டிய அலுவலகத்தின் பரிசோதகர் ஒருவரையும் ஒரே படகில் வரச்செய்து, மோட்டர் ஓடாத நிலையில் தண்ணீரை அளக்கத் தங்கள் அலுவலகத்தால் ஒரே கடிதம் வழங்க வேண்டும். தங்கள் கடிதத்தில் மூன்று துறையின் பெயரும் சேர்ந்து இருந்தால், மூன்று மேற்பார்வையாளர்களும் தங்கள் தங்கள் பகுதிக்குக் கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

(ஆ) தண்ணீர் நல்லது என்று கண்டால் பலகையையும் பூட்டையும் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். நல்லதல்ல என்று கண்டால் பலகை இருக்கட்டும். மாடுகள் முதுகு தேய்த்துத் தேய்த்து அதில் எழுத்து மங்கிவிட்டது. அப்படியானால் அதைக் கழுவித் துடைத்துத் தெளிவாக வைத்திருப்பதற்கு நானே பொறுப்பேற்கிறேன். குடித்து ஒருவருக்காவது நோய் வருத்தம் வரக்கூடிய தண்ணீரை நான் கேட்கவில்லை.

(இ) மாணவர்களின் ஆராய்ச்சியை நிறுத்திவிடக் கூடாது. நடந்ததில் மூவருக்கும் பல மாத வேலை பழுதாகிவிட்டது. ஆனால் அன்று விறாந்தையில் இருந்தபோதே மூவரும் சேர்ந்து ஒரு புதிய ஆராய்ச்சிக்குத் திட்டம் போட்டுவிட்டார்கள். ஒரு தீவுக் கிணற்றில் எவ்வளவு வெயிலுக்கு எவ்வளவு தண்ணீர் இறைத்தால் உவர் மேலே ஏறாது என்பதை அளந்து, அந்த அளவு வந்தவுடன் தானாக நிற்கும் மோட்டரைச் செய்யப்போகிறார்களாம். அது சரிவந்தால் எங்கள் கிணற்றுக்கு மட்டுமல்ல, தோட்டத்துக்கு இறைக்கிற எல்லோருக்கும் உதவும். அதைச் செய்யச் சயந்தினி அக்காவின் துறை தனியாகப் போதாது, மற்ற இரண்டும் தனித்தனியாகப் போதாது. கிணற்றைக் கொடுக்க அப்பா சம்மதம். இம்முறை மூவரும் ஒன்றாக நின்று கேட்டால்தான் ஓம் சொல்லுவேன் என்கிறார்.

(ஈ) இனி இத்தீவுக்கு எந்தத் துறையிலிருந்து யார் ஆராய்ச்சிக்கு வந்தாலும், அதே இடத்தில் ஏற்கெனவே யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதைத் தங்கள் அலுவலகத்தில் அவர்களுக்குச் சொல்லி அனுப்ப ஒழுங்கு செய்ய வேண்டும். வலை மேல் வலை விழாமல் இருக்கும்.

18. இம்மனுவில் இதுவரை எழுதியதை ஒழுங்கையிலுள்ள எல்லோருக்கும் வாசித்துக் காட்டும்படி ஜெயந்தா அக்கா சொன்னா. நான் தாளை அவவிடம் கொடுத்து அவவையே வாசிக்கச் சொன்னேன். சந்தியில் பவுசர் வரிசையில் நின்று வாசித்தாவாம். மாப்பிள்ளையின் மூக்கு என்ற இடத்தில் அவவே நிறுத்திவிட்டாவாம். மறுநாள் காலையில் கடப்பால் வந்து, மாப்பிள்ளையின் ஊர் மண்கும்பான், தொழில் கச்சேரி அலுவலகத்தில், மூக்கு பரவாயில்லை என்று அம்மாவுக்கும் எனக்கும் சொல்லிவிட்டு, வெறுங்குடத்துடன் சந்திக்குப் போனா. தாங்கள் பலகையை எடுத்தால் அவ அந்தக் குடத்தை எங்கள் கிணற்றடியிலேயே வைக்கலாம்.

19. தபாலில் போட்டால் மூன்று அலுவலகத்துக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், இம்மனுவை நானே நேரில் கொண்டுவருகிறேன். அப்பா கடலுக்குப் போயிருப்பார். அம்மாவுக்கு நடக்க ஏலாது. ஆகவே தனியாக வருவேன். தங்கள் அலுவலக வாசல் வாங்கில் இருப்பேன். எல்லோருடைய அலுவலும் முடியட்டும், எனக்கு அவசரம் இல்லை. வாசித்த பிறகு ஏதாவது கேட்க விரும்பினால், தயவுசெய்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நான் எழும்பி உள்ளே வந்து பதில் சொல்லுவேன். சத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கும், ஆனால் முழுவதையும் சொல்லுவேன்.

ஒரு நாளும் ஒரு கடிதமும் மட்டும் வேண்டி, மரியாதையுடன்,

அ. பிரேமினி

இடம்: நெடுந்தீவு மேற்கு
திகதி: 10.09.2025